சிப் அல்ல, கயிறு

ஹெலிகேஸ் என்ற நொதியம் சிப்பைத் திறப்பது போல் டிஎன்ஏயின் இரண்டு இழைகளையும் பிரிக்கும். உயர்தர உயிரியல் படித்தவர்கள் எல்லோரும் எழுதிய வசனம். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கும் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் சிப்புக்கு முறுக்கு கிடையாதே! டிஎன்ஏக்கு ஏறத்தாழ 10.5 மூலச் சோடிக்கு ஒரு முறுக்கு.

அதனால் நாங்கள் வகுப்பில் கயிறு எடுக்கிறோம். கொட்டாஞ்சேனையில் வாங்கிய இரண்டு புரித் தும்புக் கயிறு. ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுநுனியில் புரிகளைப் பிடித்து இழுத்துப் பிரிக்கச் சொல்வோம். ஒரு முழம் லேசாக வரும். பிறகு முன்னாலுள்ள பகுதி இறுகிச் சுருண்டுவிடும். "இனி வராது டீச்சர்!"

ஈ.கோலை பக்டீரியாவில் 46 இலட்சம் மூலச் சோடிகள். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட முறுக்குகள். அதுவும் வட்டமான டிஎன்ஏ, சுழற்றிவிட நுனியே இல்லை. அதை ஏறத்தாழ 40 நிமிடத்தில் பிரதி பண்ணி முடிக்கிறது.

"அது எப்படி டீச்சர் முடியும்?" என்று கேட்கும் பிள்ளையை "பாடத்தில் உள்ளதைப் படி" என்று உட்கார வைக்காதீர்கள். 1976இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் வி. சசிசேகரனும், நியூசிலாந்தில் இன்னொரு குழுவும், இழைகள் ஒன்றையொன்று சுற்றாமல் பக்கம் பக்கமாக இருக்கலாம் என்றே மாதிரி அமைத்தார்கள். கொஞ்சம் வலமாக, கொஞ்சம் இடமாகத் திரும்பும். பிரிப்பது சுலபம். ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்த மூவரில் ஒருவர்தான் இந்தச் சசிசேகரன், சின்ன ஆளல்ல. 1979இல் கிரிக், வாங், பாவர் மூவரும் சான்றுகளை அலசி, டிஎன்ஏ முறுக்கியதுதான் என்று எழுதினார்கள்.

அப்படியானால் முறுக்கை அவிழ்ப்பது யார்? டோபோஐசோமரேஸ் நொதியங்கள். முதலாம் வகை ஒரு இழையை மட்டும் வெட்டி, முறுக்குத் தளர்ந்ததும் ஒட்டிவிடும். கயிற்றில் ஒரு புரியை வெட்டிப் பாருங்கள், தானாகவே சுழலும். இரண்டாம் வகை இரு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளிக்குள்ளால் டிஎன்ஏயின் இன்னொரு பகுதியைக் கடத்திவிட்டு மறுபடி ஒட்டும். பக்டீரியாவின் கைரேஸ் இந்த வகை. அதைக் கண்டதும் அதே 1976இல்தான், அமெரிக்காவில் கெல்லர்ட் குழு.

டாக்டர் எழுதித் தந்து வெள்ளவத்தைப் பாமசியில் வாங்கும் சிப்ரோபுளொக்சசின் குளிசை, கைரேஸை வெட்டிய நிலையிலேயே பிடித்து வைக்கிறது. ஒட்ட முடியாமல் டிஎன்ஏ அறுந்து பக்டீரியா சாகிறது. இதைச் சொன்ன மறுநாள் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து வெற்றுக் குளிசை அட்டையைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தது.