சிரிப்புக்கு முந்திய ஓசை

மதுரை மாவட்டத்து மேலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், பங்குனித் திருவிழாவை முன்னிட்டு நடந்த 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகத்துக்குச் சென்ற நான், ராஜபார்ட் வரும் நேரத்துக்கு விழித்துக்கொண்டால் போதும் என்று பாய் விரித்துப் படுத்துவிடும் ரஸிகர்களைப் போலன்றி, இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் பபூன் காட்சியையே பிரதானமாகக் கருதி, வாத்தியக்காரர்களுக்கு அருகே இடம் கேட்டு அமர்ந்துகொண்டேன். ஹாஸ்யப் படத்தின் முதற்காட்சியில், இது சிரிப்பதற்குரிய உலகம் என்னும் பாவத்தைக் காமிராவும் கத்தரியும் ஒலிப்பதிவும் சேர்ந்து உண்டாக்குகின்றன. அவற்றுள் எதுவுமில்லாத இம்மேடையில் அக்காரியத்தைச் செய்பவர் யார் என்று அறிய விரும்பினேன்.

ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் எல்லோரும் அறிவர். 'ஆல்ரவுண்டு' என்று நாடகக்காரர்கள் வழங்கும் கலைஞரை வெளியூர்க்காரர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தெருவைத் தீட்டிய படுதாவுக்கு முன்னால் பபூன் பிரவேசித்ததும், இவர் அவருடைய காலடி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை கொடுக்கிறார். பபூன் சட்டென்று நின்றால் ஓசையும் நின்றுவிடுகிறது. நின்ற கால் மறுபடி அசைவதற்குள், யாரும் எதிர்பாராத வேளையில், ஒரு தட்டு மட்டும் தனியே விழுகிறது. ஒரு வார்த்தை கூடப் பேசப்படவில்லை. ஆயினும் முன்வரிசைக் குழந்தைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டன. பிறகு பபூன் ஒலிவாங்கியை நெருங்கிக் குரலைத் தாழ்த்தி, பின்பாட்டுக்காரரிடம் வம்பு பேச ஆரம்பித்தபோது, தூரத்துக் காட்சி சமீபக் காட்சியாக மாறிய உணர்ச்சியே எனக்கு ஏற்பட்டது.

சார்லி சாப்ளின் 1931-இல் அளித்த 'சிட்டி லைட்ஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. சிலை திறக்க வந்த பிரமுகர்கள் பேசுவதாகக் காட்டி, சொற்களுக்குப் பதில் பொருளற்ற கீச்சொலியை வைத்தார் அவர். மூடுதுணி விலகியதும் சிலையின் மடியில் ஏழை நாடோடி உறங்குகிறான். அவன் கண் விழிப்பதற்கு முன்பே பிரமுகர்களின் கம்பீரத்தை அந்த ஓசை குலைத்துவிடுகிறது.

சினிமாவுக்கு மதுரை மேடை அந்நியமன்று. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இந்நகரில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களுடைய கம்பெனியில் பயின்ற ஹாஸ்ய நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், 1935-இல் 'மேனகா' வழியே திரைக்கு வந்தார். ஆனால் படத்தில் தவறிய கணத்தை மீண்டும் எடுக்கலாம், வெட்டிச் சேர்க்கலாம். ஸ்பெஷல் நாடகத்திலோ ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி வரவழைப்பதால், ஒத்திகையுமில்லை, டைரக்டருமில்லை. பல சமயம் மேடையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். பபூனின் துணுக்குகளில் பல, கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அவை மீண்டும் சிரிப்பூட்டுவதற்கு அந்தத் தட்டு விழும் கணமே காரணம் என்பது என் துணிபு.

விடிந்தபின், டீக்கடையில் ஆல்ரவுண்டுக் கலைஞரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"பபூன் வாயைப் பார்த்தா பிந்திப் போயிரும்யா. நான் காலைத்தான் பார்ப்பேன். நிக்கப் போறாருன்னா குதிகால் முதல்ல சொல்லிரும்."

அன்றிரவு அவருக்குத் திருமங்கலம் பக்கம் நாடகம். பபூன் யாரென்று கேட்டேன். நோட்டீஸில் பெயரைப் பார்த்ததாகவும், ஆளை இனிமேல்தான் பார்க்க வேண்டுமென்றும் சொல்லி, டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.