அடுத்த உலைக்கு முன்னால்

"இருநூறு பேர் சாப்பாடு மீந்திருக்குங்க, உடனே வாங்க" என்று கல்யாண வீட்டார் போனில் சொன்னதும், சமையல் மாஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன். "மாஸ்டர், சாம்பார் எத்தனை மணிக்கு இறக்குனீங்க?" அந்தப் பதிலில் பாதி முடிவு வந்துவிடும். கோயம்புத்தூரில் 2014-ல் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு தொடங்கியது முதல், மீந்த சாப்பாட்டை எடுத்துப்போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுப்பது ஊரறிந்த வேலை. வண்டியும் ஆளும் கிடைத்துவிடுகின்றன. நேரத்தைத்தான் யாரும் தர முடியாது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று உண்டு. அதன் வித்துகள் உலைக் கொதிப்பிலும் தப்பிவிடும். சோறு ஆற ஆற முளைத்துப் பெருகி நச்சைக் கக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. பெரிய அண்டாவில் மேல்சோறு ஆறிப்போயிருக்க, நடுவே வெதுவெதுப்பு மணிக்கணக்காக நிற்கும். அதனால் வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்த பிறகே அண்டாவைத் தூக்குவோம்.

இலையில் விழுந்ததையும் பந்தி வாளியில் மிஞ்சியதையும் தொடுவதில்லை. தேங்காய்ச் சட்னி, அவியல், பால் பாயசம் எவ்வளவு மணத்தாலும் வேண்டாம். புளியோதரை புளிப்பாலும் எண்ணெயாலும் கொஞ்சம் தாங்கும். சோற்றையும் குழம்பையும் கலந்து எடுத்துப்போகக் கூடாது. ஒன்று கெட்டால் இரண்டும் போய்விடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் மீந்த உணவைப் பகிர்வதற்கென்றே 2019-ல் விதிமுறை கொண்டுவந்தது. உணவின் பெயர், சைவமா அசைவமா, எதற்குள் சாப்பிட வேண்டும் என்று பாத்திரத்தில் எழுதி ஒட்டச் சொல்கிறது அது. எழுத உட்காரும்போதுதான் மாஸ்டரும் மணியைச் சரியாக யோசிப்பார்.

முகூர்த்தச் சாப்பாடு மதியமே கைக்கு வரும். முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகலாம். ரிசப்ஷன் முடிய இரவு பத்தாகிவிடும், அதற்குள் இல்லங்களில் விளக்கணைத்துவிடுவார்கள். அப்போது அரசு மருத்துவமனைப் பக்கம் போவோம். உள்ளே படுத்திருப்பவருக்கு உணவு உண்டு. கூடவே தங்கியிருக்கும் மனைவிக்கோ அண்ணனுக்கோ கிடையாது. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்குச் சமைத்தது என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பரிமாறுவோம். வேண்டாம் என்பவரை வற்புறுத்துவதில்லை. படம் எடுப்பதில்லை. கல்யாணத்தில் ஒருவரைக் கேட்டுப் பரிமாறுகிறோம் என்றால், இங்கேயும் அப்படியே.

வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே இரவில் ஐந்து மண்டபங்கள் கூப்பிடும். ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்காது. பசி பஞ்சாங்கம் பார்ப்பதில்லையே. மீந்ததை மட்டும் நம்பி யாருக்கும் தினச்சோறு போட முடியாது என்பதை இந்த இரண்டு மாதங்கள்தான் புரியவைத்தன.

அதனால் இப்போதெல்லாம் மண்டபக்காரர்களிடம் வேறொன்று கேட்கிறேன்: எல்லாம் முடிந்தபின் கூப்பிடாதீர்கள், முதல் பந்தி எழுந்ததும் கூப்பிடுங்கள். தலையை எண்ணிப் பார்த்து, அடுத்த உலை வேண்டுமா என்று மாஸ்டரோடு பேசிக்கொள்வோம். சில வீட்டார் சமைக்காமல் மிஞ்சிய அரிசியை மூட்டையோடு கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு வெப்பமானியும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்; ஆடி மாதத்தில் உலை வைக்க அதுதான் உதவுகிறது.