கொட்டாய்

எங்கள் பக்கத்துப் பேச்சில் கோட்டைக்கும் கொட்டாய்க்கும் உச்சரிப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் காலத்துக்கு அவை ஈடுகொடுத்த விதம் வேறு. எலவனாசூர்கோட்டையில் 18ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கண்வைத்திருந்த கோட்டை, இன்று ஊர்ப்பெயரின் பின்பாதியில்தான் முழுசாக நிற்கிறது. கொட்டாயோ ஒரு போகத்துக் காவலுக்கு, மாடு கட்ட, கிணற்றோரம் தலைசாய்க்க என்று போட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து தருமபுரி வரை எத்தனையோ குடியிருப்புகளுக்குக் கொட்டாய் என்று முடிகிற பெயர். நிரந்தரம் என்று கட்டியது பெயராகச் சுருங்கிவிட்டது. தாற்காலிகம் என்று போட்டது வாக்காளர் பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இந்த முரணை ரசித்துவிட்டுப் போயிருப்பேன். போகவிடாமல் செய்தது அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் புஞ்சை. ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, ஒரு காலத்தில் மணிலா போட்டது. பத்து வருஷமாகக் கரம்பு. வேலிக்காத்தான் மண்டி, எல்லைக்கல் எங்கே என்று தேட வேண்டிய நிலை. அண்ணனுக்குத் தொழிலில் கடன். மனை போட ஒருவர் விலை பேசியிருந்தார். கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது தை மாதம் வரை தவணை கேட்டேன். அண்ணன் காரணம் கேட்டார். அங்கே கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன் என்றேன். “அங்க என்னடா இருக்கு, இருந்து பாக்க?” என்றார். நியாயமான கேள்விதான்.

பத்திரத்தில் அந்த நிலம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019இல் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. நிலம் அசையவில்லை, அதன் விலாசம் இரண்டு தடவை குடிபெயர்ந்துவிட்டது. வங்கியில் விவசாய நகைக்கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் வாங்கி வைத்துக்கொள்கிற குமாஸ்தா நான். சிட்டாவில் நிலத்துக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், அடங்கலில் பயிர் இருக்கிறது. பயிரோடு ராத்திரி படுத்துக் கிடப்பவனுக்கு இரண்டிலும் கலம் கிடையாது.

கொட்டாய் போட ஊரில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். வந்து நிலத்தைச் சுற்றி நடந்தார், மேட்டைக் காலால் தட்டினார். பிறகு கேட்டார்: “எத்தினி நாளைக்கு சார்?” எனக்குப் புரியவில்லை. “நாலு மாசமா, நாலு வருசமா? அதப் பொறுத்துத்தான் காலு நடணும்.” நாலு மாசமென்றால் சவுக்குக் கழியை அப்படியே நட்டுவிடலாம், கறையான் ஏறுவதற்குள் காரியம் முடிந்துவிடும். நாலு வருஷமென்றால் மண்ணுக்குள் போகும் பாகத்தைச் சுட்டுக் கரியாக்கித் தார் பூச வேண்டும், குழியும் ஒரு முழம் கூட வேண்டும். மேலே கரும்புத் தோகையா, தென்னங்கீற்றா, சிமெண்ட் சீட்டா என்பதும் அதே கேள்விதான். தாற்காலிகம் என்ற சொல்லை லக்ஷிய வாசகன் தோரணையில் புழங்கிவந்த எனக்கு, அதற்குள் ஓர் எண் இருக்கிறது, அந்த எண் தெரியாமல் முதல் குழியைக்கூடத் தோண்ட முடியாது என்பது புதிய விஷயம். “தார் பூசிடுங்க பெரியவரே” என்றேன். அப்படிச் சொன்னபோது அண்ணனுக்குக் கொடுத்த தவணை நினைவில் இருந்தது.

பத்துக்குப் பதினைந்து அடி. மேட்டில், வாசல் கிழக்கே பார்த்து. மூங்கில் சாரத்தின்மேல் கீற்றை இறவாரத்தில் ஆரம்பித்து மேல்நோக்கி அடுக்குகிறார்கள். மேல் கீற்று கீழ்க் கீற்றின்மேல் ஏறி உட்கார்ந்தால்தான் தண்ணீர் உள்ளே திரும்பாது. ஐப்பசி மழைக்காக மூன்று பக்கமும் வாய்க்கால் வெட்டினோம். செம்மண் கொட்டி, நனைத்துத் திமிசு போட்டு, சாணம் மெழுகினோம். குடிக்கத் தண்ணீர் பக்கத்துக் காட்டு மோட்டாரிலிருந்து, அதுவும் மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில். எல்லாம் சேர்ந்து 14,600 ரூபாய். சனி ஞாயிறுகளிலும், சேர்த்துவைத்த விடுப்பிலுமாகத் தங்கினேன்.

தங்கினேன் என்பதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. முதல் வாரங்களில் செய்ததெல்லாம் வேலைதான்: தண்ணீர் சுமப்பது, வேலிக்காத்தானை வெட்டுவது, விரியனுக்குப் பயந்து டார்ச்சோடு நடப்பது. இயற்கையோடு ஒன்றும் அனுபவம் எதுவும் நேரவில்லை. நேர்ந்தது வேறு. ராத்திரி இருட்டில், நிலம் என்பது இரண்டு ஏக்கராகத் தெரியாமல், லாந்தர் வெளிச்சம் போகிற தூரமாகவே தெரிந்தது. அப்பா எந்த வெளிச்ச வட்டத்தில் உட்கார்ந்து மணிலாவுக்குக் காவல் இருந்தார் என்று யோசித்தேன். அவரும் ஒரு கொட்டாய் போட்டிருந்தார். அது நின்ற இடம் பெரியவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஆங்கில இலக்கியம் படித்தவன் காட்டில் குடிசை போட்டால் தோரோ வராமல் இருக்கமாட்டார். 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் குடியேறினார். நிலம் எமர்சனுடையது. வீடு என்னுடையதைப் போலவே பத்துக்குப் பதினைந்து, செலவு 28 டாலர் 12½ சென்ட். இந்தக் கணக்கைப் பாராட்டாத விமர்சகர் இல்லை. கணக்கில் ஒரு வரியை மட்டும் எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பலகைக்காக அவர் விலைக்கு வாங்கிப் பிரித்தது ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் ரயில்பாதைத் தொழிலாளியின் குடிசையை. விலை 4 டாலர் 25 சென்ட். மறுநாள் காலை காலின்ஸ் குடும்பம் ஒரே மூட்டையோடு சாலையில் போவதைத் தோரோவே பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஒரு தாற்காலிகத்தைப் பிரித்துத்தான் இன்னொரு தாற்காலிகம் எழும்பியது. இரண்டு வருஷம், இரண்டு மாதம், இரண்டு நாள் இருந்தவர் உலக இலக்கியமானார். மூட்டையோடு போனவர் எங்கே போய் அடுத்த குடிசை போட்டார் என்பது இலக்கியத்துக்குத் தேவைப்படவில்லை.

அந்த நாள் தென்னாற்காட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லுக்கு முதலில் வந்தவர்களும் மரமற்ற செம்மண் பொட்டலில் கீற்றுக் குடிசை போட்டார்கள். அவர்கள் நட்ட மரங்கள் இன்று காடு. கேலி செய்ய அதில் ஒன்றுமில்லை. ஆனால் 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இதே தமிழ்நாட்டில் தாற்காலிகம் என்று சொல்லித்தான் முகாம் போட்டார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. 2021இல் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. ‘எத்தினி நாளைக்கு’ என்ற கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ள முடிந்தவன் ஒருவன், பதிலை வேறொருவரிடமிருந்து எதிர்பார்த்துக் காத்திருப்பவன் இன்னொருவன். கூரை இருவருக்கும் கீற்றுதான்.

நம் இலக்கியத்தில் இதை மிகத் துல்லியமாகப் பார்த்தது முல்லைப்பாட்டு என்று இப்போது எனக்குப் படுகிறது. நூற்றுமூன்று அடிகளில் நப்பூதனார் காட்டை வெட்டி, முள்வேலி இட்டு, தழைக்கூரை வேய்ந்து ஒரு பாசறையைப் போட்டுக் காட்டுகிறார். நீர்க்கன்னல் வைத்து நேரம் சொல்கிறவர்கள்வரை இருக்கிறார்கள். எதிர்ப்புறத்தில் அரசி இருக்கும் எழுநிலை மாடம். காயம்பட்டவர்களையும் மாண்டவர்களையும் நினைத்து அரசன் பாசறையில் தூங்கவில்லை, மாடத்தில் அவளும் தூங்கவில்லை. நிரந்தரத்துக்கும் தாற்காலிகத்துக்கும் இடையே கவிஞர் வைக்கும் அளவுகோல் கட்டடமல்ல, காத்திருப்பு. நவீனத் தமிழில் வீட்டுக்குக் குறைவில்லை. ஜெயகாந்தனின் ஹென்றிகூட வந்து திறப்பது பூட்டிக்கிடந்த ஒரு வீட்டைத்தான். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யும் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யும்தான் வெட்டவெளியில் ராத்தங்குகிறவர்களின் பக்கம் நம்மைக் கூட்டிப்போகின்றன.

மார்கழியில் பக்கத்துக் கரும்புக்கு வெட்டு ஆட்கள் வந்தார்கள். பதினோரு குடும்பம். ஒரே பகலில் வரப்போரம் தோகைக் குடிசைகள் எழும்பிவிட்டன. கூம்பாக நிறுத்திய கழிகள், மேலே தோகை, உள்ளே குனிந்துதான் போக வேண்டும். அவர்களுடைய ‘எத்தினி நாளை’ ஆலையின் அரவை தீர்மானிக்கிறது. தண்ணீர் எடுக்கும் இடத்தில் ஒரு பெண் கேட்டாள்: “வீடு இல்லீங்களா சார்?” விழுப்புரத்தில் இருக்கிறது என்றேன். “அங்க யாரு?” மனைவி, குழந்தை என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வீடு இருப்பவன் ஏன் இங்கே என்பதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் தமிழில் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றையும் அவளிடம் சொல்லியிருக்க முடியாது. அன்றிரவு மனைவி தொலைபேசியில் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

கொட்டாயைப் படிமமாக்கிவிட வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சிறுபத்திரிகையே ஒரு கொட்டாய்தான், நாலு இதழ்வரை தாங்கினால் போதும் என்று ஒருவர் ஏற்கெனவே கடிதம் எழுதிவிட்டார். சாமர்த்தியமான வரி. ஆனால் நனைந்த கீற்றின் வாடை அதில் இல்லை.

தையில் கையெழுத்துப் போட்டேன். அண்ணனுடைய கடன் நிஜம், வட்டிக் கணக்கை நானே போட்டுப் பார்த்திருந்தேன். நிலத்தை வைத்துக்கொள்ள என்னிடம் இருந்த காரணங்கள் அந்தக் கணக்குக்கு எதிரே நிற்கக்கூடியவையாக இல்லை. எலவனாசூர் சிவனுக்குக் கல்வெட்டில் ஊர்ப்பாகம் கொண்டருளியவர் என்று பெயர். ஊரில் பாதியை எடுத்துக்கொண்டு தொள்ளாயிரம் வருஷத்துக்குமேல் இருந்த இடத்தில் இருக்கிறார். மனிதர்களுக்கு அது சாத்தியமில்லை.

கரும்பு மேஸ்திரி வந்து கொட்டாயை விலைக்குக் கேட்டார். சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “சும்மா வேணாம் சார், நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?” என்றார். இரண்டாயிரத்துக்கு முடிந்தது. கேட்டபடி ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நாலு பேர் காலையில் பிரித்தார்கள். மூங்கிலைக் கட்டினார்கள், நல்ல கீற்றைத் தனியாக அடுக்கினார்கள். சவுக்குக் காலைப் பிடுங்கத்தான் நேரமாயிற்று. தார் பூசிய அடிப்பாகத்தை மேஸ்திரி விரலால் சுரண்டிப் பார்த்து, “இது ரொம்ப நாளைக்குப் போட்டதாச்சே” என்றார்.