ஒரு சொல் ‘இல்லை’

நன்னெறிக் கல்விப் பாடத்தில் நேர்மை என்னும் பண்பை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அப்பாடத்தை நானே மீண்டும் படிக்க நேர்ந்த நிகழ்வை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் மைவி மகிழுந்தைப் பெரும்பாலும் என் மகனே ஓட்டுவான். வேலைக்குச் சேர்ந்ததும் சம்பளப் பணத்தில் அகலமான சக்கரங்களைப் பொருத்தினான், சுருள்வில்களை மாற்றி வண்டியைத் தாழ்த்தினான், புகைபோக்கியையும் மாற்றினான். இளம்பிள்ளையின் ஆசை என்று நானும் தடுக்கவில்லை.

காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. முகவர் தொலைபேசியில் அழைத்து, “வண்டியில் ஏதேனும் மாற்றம் செய்திருக்கிறீர்களா, சார்?” என்று கேட்டார். மகன் எதிரே அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தான். சந்தா கூடிவிடுமே என்ற எண்ணம் ஒரு கணம் குறுக்கிட்டது. “இல்லை” என்றேன். மகன் நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

ஐந்து மாதங்களுக்குப் பின், கனமழையில் வண்டி வழுக்கிச் சாலையோரக் கால்வாயில் இறங்கியது. இறையருளால் மகனுக்குக் காயமில்லை. 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்தோம். சேத மதிப்பீட்டாளர் வந்து சக்கரங்களையும் சுருள்வில்களையும் படமெடுத்துக்கொண்டார். சில வாரங்களில் கடிதம் வந்தது. இழப்பீட்டில் ஒரு பகுதி குறைக்கப்பட்டிருந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தேன். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராதபடி நாம் தக்க கவனத்துடன் பதிலளிக்க வேண்டும். அறியாமல் நேர்ந்த பிழை, கவனக்குறைவு, வேண்டுமென்றே சொன்ன பொய் என மூன்றாக அச்சட்டம் பிரித்துப் பார்க்கிறது. கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய சந்தாவின் விகிதப்படி இழப்பீட்டைக் குறைக்கலாம். 1,000 ரிங்கிட் செலுத்த வேண்டிய இடத்தில் 800 செலுத்தியிருந்தால், 10,000 ரிங்கிட் சேதத்திற்கு 8,000 கிடைக்கும். வேண்டுமென்றே மறைத்தது என்றால் காப்புறுதியையே செல்லாததாக்கி, இழப்பீட்டை முற்றாக மறுக்கலாம்.

எனக்கு வந்த கடிதம் ‘கவனக்குறைவு’ என்றது. பண அளவில் நான் தப்பித்தேன். ஆனால், அச்சொல் எனக்குப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். அன்று எதிரே அமர்ந்திருந்த என் மகனுக்கும் தெரியும்.

“என் ஆசையால் வந்தது, அப்பா. மீதியை நான் கட்டுகிறேன்” என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சக்கரம் அவனுடையது, ‘இல்லை’ என்ற சொல் என்னுடையது.

பெற்றோர்களே, ஆசிரியர் நண்பர்களே, சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். இயந்திரம், டர்போ, சுருள்வில், சக்கரம், புகைபோக்கி என எதை மாற்றினாலும் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்து வடிவில் தெரிவியுங்கள், பதிலையும் பத்திரப்படுத்துங்கள். விலையுயர்ந்த துணைப்பொருள்களுக்குத் தனிப் பாதுகாப்பைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். நாங்கள் சேர்க்காததால் சக்கரங்களின் விலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டா. இயந்திரத்தையோ நிறத்தையோ மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவிலும் திருத்தம் செய்தாக வேண்டும். பழைய வண்டி வாங்குவோர், முந்தைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்பதைப் பட்டறையில் காட்டி அறிந்துகொள்வது நலம்.

அண்மையில் முகவர் மீண்டும் அழைத்தார். அதே கேள்வி. தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தேன். மகன் ஒவ்வொன்றாகச் சொல்ல, முகவர் குறித்துக்கொண்டார். சந்தா சற்றுக் கூடியது. அந்தக் கூடுதல் தொகையை மகன் கொடுத்தான்; இம்முறை நான் வாங்கிக்கொண்டேன்.