வார் வைத்த பேன்ட்டும் எங்க வீட்டுத் தறியும்

நான் படிக்கும் ஆடை வடிவமைப்புப் படிப்பில் உடை வரலாறு என்று ஒரு பாடம் உண்டு. அதில் விவியன் வெஸ்ட்வுட் பற்றி வந்தபோது ஆசிரியர் இரண்டு படங்களை மட்டும் "இது வேண்டாம்" என்று வேகமாகத் தள்ளிவிட்டார். வகுப்பு முழுக்க நமுட்டுச் சிரிப்பு. தள்ளிவிட்டால் விடுவோமா? அன்றைக்கு ராத்திரியே தேடிப் படித்தாச்சு :)

அதில் ஒன்று கருப்பு பேன்ட். இரண்டு காலையும் முழங்கால் பக்கம் இணைத்து ஒரு வார். ஜிப் முன்னால் ஆரம்பித்து கால் இடுக்கு வழியாகப் பின்பக்கம் வரை போகிறது. பின்னால் கோவணத் துணி மாதிரி ஒரு துண்டு தொங்குகிறது. பெயர் பாண்டேஜ் பேன்ட். வருஷம் 1976.

பார்த்ததும் எனக்கும் சிரிப்புதான் வந்தது. அப்புறம் இந்த அம்மா யார் என்று படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். 1941-ல் பிறந்து, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் டின்ட்விசில் என்ற கிராமத்தில் வளர்ந்தவர். அவருடைய அம்மா பஞ்சாலையில் நெசவு வேலை பார்த்தவர்! மான்செஸ்டர் துணி நம்ம ஊர் கைத்தறியை என்ன பண்ணியது என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். அந்தப் பக்கத்து நெசவுக்காரி மகளைப் பற்றி பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் மகள் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

டிசைனர் என்றால் பெரிய வீட்டுப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். ஓவியக் கல்லூரியில் சேர்ந்து சீக்கிரமே விட்டுவிட்டு, தொடக்கப் பள்ளி டீச்சராக இருந்தவர். தையலைத் தானாகவே கற்றுக்கொண்டார். 1971-ல் மால்கம் மெக்லாரனோடு சேர்ந்து லண்டன் கிங்ஸ் ரோடு 430-ஆம் எண்ணில் கடை. 1974-ல் அந்தக் கடைக்கு 'செக்ஸ்' என்றே பெயர் வைத்து, பெரிய ரப்பர் எழுத்தில் வாசலில் மாட்டினார்கள். (எங்க ராஜ வீதியில் இப்படி ஒரு பலகை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன்... வேண்டாம், விடுங்கள்.)

ரப்பர் உடை, தோல் வார், கட்டிப்போடும் கொக்கி இதையெல்லாம் முதலில் செய்தவர் வெஸ்ட்வுட் இல்லை. ஜான் சட்கிளிஃப் என்பவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தோலாடை தைத்து ஆரம்பித்து, 'ஆட்டம்ஏஜ்' என்ற பெயரில் இந்த வகை உடைகளை ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருந்தார். அவர் சரக்கும் இந்தக் கடையில் விற்றது. ஆனால் அதுவரை இது தபாலில் மூடிய உறையில் வரும் சமாச்சாரம். வாங்குகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்ப்பார். வெஸ்ட்வுட் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். படுக்கையறையில் ஒளித்து வைத்ததைப் பகல் வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் ஊர் எதைப் பார்த்து அதிரும், ஏன் அதிரும்? அதுதான் அவர் கேட்டது. ஊர் அதிரவும் செய்தது. 1975-ல் அந்தக் கடையின் டி-ஷர்ட் ஒன்றைப் போட்டு நடந்த ஆளைப் போலீஸ் பிடித்தது. கடை நடத்திய இரண்டு பேருக்கும் அபராதம். அடங்கினார்களா? அடுத்த வருஷம் கடைக்கு 'செடிஷனரீஸ்' என்று பெயரை மாற்றி, இந்த வார் பேன்ட்டைத் தொங்கவிட்டார்கள்.

லீவுக்கு ஊருக்கு வந்தபோது அந்தப் படத்தை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மறைக்கவில்லை.

"என்னம்மா இது, காலைக் கட்டிட்டு எப்படி நடப்பாங்க?"

"வார் கொஞ்சம் நீளமா இருக்கும்பா. நடக்கலாம்."

"அப்ப எதுக்குக் கட்டணும்?"

"சும்மா. கட்டின மாதிரி காட்டறதுக்கு."

கொஞ்ச நேரம் பார்த்தார். "பெருமாள் கோயில் மண்டபத்துல கல் சங்கிலி தொங்குதே, அந்த மாதிரி. யாரையும் கட்டாது, அழகுக்குத்தான்" என்றார். நான் அசந்து போய்விட்டேன். எங்க ஆசிரியர் வேண்டாம் என்று தள்ளிய படத்தை எங்க அப்பா வரதராஜப் பெருமாள் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்!

அடுத்து அவர் கேட்டது, "இதுக்கு என்ன பேரு?" பாண்டேஜ் என்றேன். அப்படின்னா? கட்டு, அடிமைக்கட்டு என்று ஏதோ சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. அவர் சொன்ன கதையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கோர்வைப் புடவை நெய்யும்போது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரைக்கான நாடாவைத் தள்ள நெசவாளி கூட இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைதான். தாத்தா ஒரு தறி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அதற்காக அப்பா ஒன்பது வயசில் அந்த வீட்டுத் தறியில் உட்கார்ந்தார். கூலியில் கடனைக் கழிப்பார்கள், ஆனால் கடன் குறையாது. வேறு தறிக்குப் போகணும் என்றால் முதலில் அட்வான்ஸைத் திருப்பித் தரணும். பள்ளிக்கூட மணி அந்த வீட்டுக்குக் கேட்குமாம். "மணி அடிச்சா கை தானா நின்னுடும், அதுக்கு ஒரு குட்டு விழும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுபடி தறிக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். நம் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்கும் வருஷம் 1976. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே பாண்டேஜ் என்ற சொல்தான். அந்தச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனே செல்லாது. ஆனால் அப்பா தறியில் உட்கார்ந்தது அதற்கு எட்டொன்பது வருஷம் கழித்து. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலில் சிக்கிய கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் எங்க காஞ்சிபுரம் இருக்கிறது.

அப்படியென்றால் வெஸ்ட்வுட் செய்தது வசதியானவர்களின் விளையாட்டா? முதலில் அப்படித்தான் கோபம் வந்தது. அந்தக் கடை விலை அங்கிருந்த பல பையன்களுக்கே எட்டவில்லை. அவர்கள் பழைய சட்டையைக் கிழித்து ஊக்கு குத்திக்கொண்டார்கள். பிற்பாடு அவரே 2006-ல் 'டேம்' பட்டமும் வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் திரும்பத் திரும்ப அந்தப் படத்தைப் பார்த்தபோது கண்ணில் பட்டது கொக்கிதான். வாரின் முனையில் கொக்கி இருக்கிறது. போட்டவரே கழட்டலாம். தானே போட்டு, தானே கழட்டுகிற கட்டு அசிங்கமில்லை. அது அவரவர் இஷ்டம். அப்பா காலில் வார் எதுவும் இல்லை, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குக் கொக்கி கிடையாது. எங்க ஊர் எதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறது, எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த வகையில் அந்த பேன்ட் என்னிடம் வேலை செய்துவிட்டது.

2022 டிசம்பர் 29-ஆம் தேதி, 81 வயதில் வெஸ்ட்வுட் இறந்தார். வளர்ந்த டின்ட்விசிலிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த பேன்ட் இப்போது மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அப்பா இப்போது சங்கத்துக்கு நெய்கிறார், யாரிடமும் அட்வான்ஸ் இல்லை. கோர்வைக்குக் கூட உட்காருவது அம்மா. இந்த முறை பாடத்துக்கான கட்டுரையை வெஸ்ட்வுட் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஆசிரியர் தள்ளிவிட்ட அந்தப் படத்தையும் ஒட்டி. மார்க் குறைந்தால் குறையட்டும்.