மாசு துடைக்கும் விளையாட்டு

விளையாட்டுக்கள் பல திறத்தன. ஓடியாடி உடலை உறுதி செய்வன சில. ஓரிடத்து அமர்ந்து அறிவைத் தீட்டுவன சில. சடுகுடுவாயினும், சதுரங்கமாயினும், திண்ணையில் இருவர் அமர்ந்தாடும் பல்லாங்குழியாயினும், அவை யாவற்றிற்கும் பொதுவாய் அமைந்த இயல்பொன்று உண்டு. எதிரே ஒருவர் இருத்தல் வேண்டும். அவரை வெல்லுதல் வேண்டும். அன்றேல் அவரிடம் தோற்றல் வேண்டும். கணினியில் ஆடப்பெறும் விளையாட்டுக்களும் பெரும்பாலும் இவ்வியல்பினின்று விலகியனவல்ல. அவற்றிற் பல, துப்பாக்கி ஏந்திப் பகைவரைத் துரத்துவதையோ, காரோட்டிப் பிறரை முந்துவதையோ பொருளாகக் கொண்டவை. அங்ஙனமிருக்க, பகைவனும் இன்றித் தோல்வியும் இன்றிக் காலக்கெடுவும் இன்றி, அழுக்கேறிய வீடொன்றைக் கழுவித் தூய்மை செய்வதையே முழுத் தொழிலாகக் கொண்ட விளையாட்டும் உண்டென்று கூறின், இதனைப் படிக்கும் அன்பர்களிற் சிலர் நகைத்தல் கூடும். அவ்விளையாட்டைப் பற்றியும், அதனோடு சில திங்கள் பழகியதனால் எமக்குத் தோன்றிய எண்ணங்களைப் பற்றியும் சிறிது கூற விரும்புகின்றோம்.

அதன் பெயர் 'பவர்வாஷ் சிமுலேட்டர்' என்பது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரைச் சார்ந்த 'பியூச்சர்லாப்' என்னும் நிறுவனத்தார் இதனை 2021ஆம் ஆண்டில் முன்னோட்டமாகவும், 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முழுமையாகவும் வெளியிட்டனர். மக்கிங்ஹாம் என்னும் கற்பனை ஊரில், நீரை விசையுடன் பீச்சும் கருவியொன்றைக் கையிற்கொண்டு பிழைக்கும் தொழிலாளியாக ஆடுபவர் ஆகின்றார். முதலில் ஒரு வேனைக் கழுவுகின்றார். பின்னர் ஒரு வீட்டுத் தோட்டத்தையும், பங்களாவையும், பிற கட்டடங்களையும் கழுவுகின்றார். ஒவ்வொரு வேலைக்கும் கூலி கிடைக்கின்றது. 'சுத்தம் சோறு போடும்' என்னும் நம் முன்னோர் மொழி, அக்கற்பனை ஊரில் எழுத்துக்கு எழுத்து மெய்யாகின்றது. போலந்து நாட்டிற் பிறந்து 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹவுஸ் பிளிப்பர்' என்பதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. அதில் பாழடைந்த வீட்டைக் கூட்டித் துடைத்து வண்ணம் பூசிச் செப்பனிடுதல் வேண்டும்.

பவர்வாஷ் விளையாட்டின் நுட்பம் எளியது. கருவியின் நுனியிற் பொருத்துதற்கு 0, 15, 25, 40 என்னும் பாகை அளவுள்ள முனைகள் உள. மெய்யான கருவிகளிற் போலவே அவை சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என நிறத்தால் வேறுபடுத்தப்பட்டுள்ளன. முனை குறுகியதாயின் நீரின் விசையெல்லாம் ஓரிடத்தே குவிந்து கடிய கறையையும் பெயர்க்கும். ஆயின் ஒரு விரலகலத்தையே தூய்மை செய்யும். முனை அகன்றதாயின் சுவரின் பெரும்பகுதியை ஒருங்கே நனைக்கும்; ஆயின் விசை பரந்து தளர்ந்துவிடும். எவ்விடத்து எதனைக் கொள்வது என்பதை அறிதலே ஆடுவோர்க்குரிய திறன். கதவு, சன்னல், ஓடு, வடிகுழாய் என ஒவ்வோர் உறுப்பும் தூய்மையானவுடன் அது ஒருமுறை ஒளிர்ந்து, சிறு மணியோசை எழுப்புகின்றது. நூற்றுக்கு எத்துணைப் பங்கு முடிந்தது என்பது திரையிற் காணப்படும். எங்கேனும் அழுக்கு ஒளிந்திருப்பின், ஒரு விசையை அழுத்திய அளவில் அது பளிச்சிட்டுத் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிவிடும். வேலை முடிந்தபின், தொடக்கமுதல் இறுதிவரை நாம் கழுவியதெல்லாம் விரைந்தோடும் படமாகக் கண்முன் தோன்றும்.

இவ்விளையாட்டை யாம் ஆடத் தொடங்கிய காலம் எம் இல்லத்திற்கு நற்காலமன்று. எம் தந்தையார் பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலற்று, மருத்துவமனையினின்று வீடு திரும்பியிருந்தனர். இரவில் இருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். அதன்பொருட்டு விழித்திருக்கும் நாழிகைகளில் நூலொன்றைப் படிக்கவும் மனம் ஒருப்படவில்லை. 'எப்பொழுது குணமாகும்?' என்று மருத்துவரை வினவினால், 'பொறுமையுடன் பயிற்சி செய்யுங்கள்' என்பதே விடை. நேற்றையினும் இன்று எத்துணைப் பங்கு தேறினார் என்று காட்டும் திரையொன்று எந்த மருத்துவரிடத்தும் இல்லை. அந்நாட்களிலேதான் பக்கத்து அறையில் அமர்ந்து, ஓசையைத் தாழ்த்தி, யாரோ ஒருவருடைய பங்களாவின் சுவரைப் பட்டை பட்டையாகக் கழுவிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் நள்ளிரவில் எம் அன்னையார் விரைந்து எழுந்து வந்து, "குழாயைத் திறந்து விட்டுவிட்டாயா, அப்பா? தண்ணீர் வீணாய்ப் போகிறதே" என்றனர். திரையைக் காட்டினோம். சற்று நேரம் நின்று பார்த்தனர். பின்னர், "நம் வீட்டு முற்றத்தில் பாசி படர்ந்து கிடக்கிறது, நீ எவன் வீட்டுச் சுவரையோ கழுவுகிறாயே" என்று கூறி நகைத்தனர். தந்தையார் நோயுற்றபின் அன்னையார் நகைத்ததை யாம் கேட்டது அன்றுதான்.

இத்தகைய விளையாட்டால் மனம் அமைதியுறுவது எதனால்? ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், அந்நிறுவனத்தாரின் துணைகொண்டு, விளையாட்டின் இடையிடையே ஆடுவோரின் மனநிலையை வினவும் தனிப்பதிப்பொன்றைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். 39 நாடுகளைச் சார்ந்த 8,695 பேர் விடையளித்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேருடைய மனநிலை ஆட்டத்தின்போது சிறிது உயர்ந்திருத்தல் கூடும் என்றும், அவ்வுயர்வும் பெரும்பாலும் முதல் 15 நிமிடத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றது என்றும் அவர்கள் கண்டனர். ஆயின் உயர்வின் அளவோ மிகச் சிறிது. ஆடாதாரோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியும் அன்று அது. ஆதலின் இதனை மருந்தென்று கூறுதல் மிகை. சிறு இளைப்பாறல் என்று கூறுதல் பொருந்தும். முயற்சியும் பயனும் இத்துணை அண்மையில் நிற்கும் இடம் வாழ்க்கையில் அரிது. கையை அசைத்த அக்கணமே அழுக்கு விலகக் காண்பது, பயனறியாது உழைப்பவனுக்கு ஓர் ஆறுதலே. எமக்கும் அவ்வளவே கிட்டியது. அவ்வளவும் அந்நாளிற் பெரிதாயிருந்தது.

எனினும் அவ்விளையாட்டு எதனைக் காட்டாது விடுகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே நீர் வற்றுவதில்லை. கழுவிய சேறு எந்தச் சாக்கடைக்கும் சென்று அடைத்துக்கொள்வதில்லை. நாற்றம் இல்லை, இடுப்பு வலியும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, கழுவிய சுவர் மறுநாள் அழுக்கடைவதில்லை. மெய்யான வீட்டிலோ, காலையிற் கூட்டிய கூடத்தில் மாலைக்குள் தூசி படிகின்றது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் அடுத்த வேளையே எச்சிலாகின்றது. எம் அன்னையார் ஐம்பது ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்து வருகின்றனர். அவர் செவியில் ஒருமுறையேனும் அந்த மணியோசை ஒலித்ததில்லை. நூற்றுக்கு நூறு என்று எத்திரையும் காட்டியதில்லை. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசினர் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதிற் செலவிடுவதாகக் காணப்பட்டது. இவ்வேலையில் ஈடுபடும் ஆடவர் தொகையோ, பெண்களின் தொகையை நோக்க, மிகக் குறைவு. கற்பனை ஊரில் கூலி பெறும் தொழில், மெய்யான இல்லத்தில் கூலியும் புகழும் இன்றி நடைபெறுகின்றது.

பிறர் இல்லத்து அழுக்கையும் பொது இடத்து மாசினையும் அகற்றுவோர் நிலை இன்னும் தாழ்ந்தது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடுக்க 1993ஆம் ஆண்டிலும், மீண்டும் 2013ஆம் ஆண்டிலும் நம் நாட்டிற் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதொன்றே, நம் சமுதாயம் இத்தொழிலைச் சிலர் தலைமேற் சுமத்தி எத்துணைக் காலம் கண்மூடி இருந்தது என்பதற்குச் சான்றாகும். திரையில் விளையாட்டாய் விரும்பி ஆடும் செயலையே, தெருவிற் செய்பவரை நம்மவர் ஏறிட்டும் பாரார்.

தந்தையார் மருத்துவமனையில் இருந்தபொழுது, விடியற்காலையில் அவ்வறையைத் துடைக்க வரும் மூதாட்டியார் ஒருவர் இருந்தனர். அவர் இரண்டு வாளி கொணர்வர். ஒன்றிற் பினாயில் கலந்த நீர், மற்றொன்றில் மாப்பை அலசுவதற்குரிய நீர். உள்மூலையிற் தொடங்கி, பின்னோக்கி நடந்தவாறே துடைத்து, வாயிலில் வந்து முடிப்பர். துடைத்த இடத்தில் அவர் அடிச்சுவடு ஒன்றேனும் படாது. "ஐயா, காயுமட்டும் காலை வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குச் செல்வர். மேலிருந்து கீழாகவும், உள்ளிருந்து வெளியாகவும் கழுவுதல் வேண்டும் என்னும் முறையைப் பின்னாளில் அவ்விளையாட்டில் ஆடியாடி அறிந்தபொழுது, அம்மூதாட்டியாரின் கைத்திறன் எம் கண்முன் வந்து நின்றது. அழுக்கை அகற்றுதல் ஒரு கலை என்பதை ஒரு கற்பனை வீடு எமக்கு உணர்த்தியதாயின், அக்கற்பனைக்கு யாம் கடப்பாடுடையோம்.

இனி, எம் இல்லத்து மற்றொரு தூய்மைப் பணியைக் கூறுவோம். தந்தையாருக்குப் பயிற்சி தர வந்த உடற்பயிற்சி மருத்துவர், மேசைமேல் ஒரு துணியை விரித்து, செயலற்ற வலக்கையை அதன்மேல் வைத்து, இடக்கையால் தாங்கி, மேசையைத் துடைப்பது போல முன்னும் பின்னும் தள்ளுமாறு பணித்தனர். மேசையில் அழுக்கென்பது சிறிதும் இல்லை. எனினும் நாள்தோறும் காலையும் மாலையும் அதனைத் துடைத்தனர். முதல்நாள் துணி ஒரு சாண் தொலைவும் நகரவில்லை. இரண்டாந் திங்களில் மேசையின் நடுவை எட்டியது. ஒருநாள் முன்னேறியது மறுநாள் பின்னடைவதும் உண்டு. நான்காம் திங்களில் ஒரு மாலை, இடக்கையின் துணையின்றியே துணியை மேசையின் மறுவிளிம்புவரை தள்ளிவிட்டு எம்மை நிமிர்ந்து நோக்கினர். மணியோசை ஒன்றும் எழவில்லை. அன்னையார் அடுக்களையினின்று வந்து, அம்மேசைமேல் அவருடைய காப்பியை வைத்தனர். அவ்வளவே.

இன்றும் அவருடைய விரல்கள் முற்றும் நிமிர்வதில்லை. நூற்றுக்கு நூறு என்பது அவருக்கு வாய்க்காது என்பதை மருத்துவரும் மறைக்கவில்லை. அதனால் அவர் துடைப்பதை நிறுத்தினாரல்லர். நாளை மீண்டும் தூசி படியும் என்பதனால் எம் அன்னையார் கூட்டுவதை நிறுத்தாமையும் இதுவும் ஒன்றே என்று எமக்குத் தோன்றுகின்றது.

ஆதலின், இளமாணாக்கர்காள்! தேர்வுக் கவலையாலோ வேறு துன்பத்தாலோ மனம் கலங்கியபொழுது, அக்கற்பனை வீட்டைக் கால்மணி நேரம் கழுவி மகிழுங்கள். அதில் இழுக்கொன்றும் இல்லை. அதன்பின் எழுந்து, உங்கள் விடுதி அறையை ஒருமுறை கூட்டுங்கள். விடுமுறையில் இல்லம் சென்றால், அன்னையார் கையிலுள்ள விளக்குமாற்றைக் கேட்டு வாங்குங்கள். நாள்தோறும் உங்கள் தாழ்வாரத்தைத் துடைப்பவரின் பெயரை அறிந்து, அப்பெயரால் அவரை மரியாதையுடன் அழையுங்கள். அவர் துடைத்த தரை காயுமட்டும் சற்றே நின்று, பின் நடங்கள்.