வலைப்பந்துக் கம்பம் நட்ட மூன்று பெண்கள்

1/ வழக்கமாக இங்கே சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பற்றித்தான் எழுதுவேன். இன்று எங்கட ஊர் வலைப்பந்துக் கழகத்தைக் கட்டி எழுப்பிய மூன்று பெண்களைப் பற்றி எழுதப்போகிறேன். மூவரும் இப்ப இல்லை. பதிவு கொஞ்சம் நீளம். கடைசியில மருத்துவமும் வரும், ஓடிப்போயிடாதேங்கோ.

2/ விளையாடாதவர்களுக்கு: வலைப்பந்து என்பது நெட்போல். பார்க்கக் கூடைப்பந்து மாதிரி இருக்கும். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் 3 செக்கனுக்குள் கொடுத்துவிட வேணும். அணிக்கு 7 பேர். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், பின்னால் பலகை இல்லை. கோல் போட இரண்டு பேருக்குத்தான் அனுமதி, மற்ற ஐந்து பேரும் அவர்களிடம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேணும்.

3/ இலங்கைக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு. நாட்டுக்கு நாடு வேறாக இருந்த விதிகளை ஒன்றாக்க 1960-இல் பல நாட்டுப் பெண்கள் கூடியது இங்கேதான். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018-இல் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவரும் அவர்தான்.

4/ அப்படி ஒருத்தி வர முதல் ஊருக்கு ஊர் யாரோ ஒரு கம்பம் நட வேணும். எங்கட ஊரில, 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு சனம் திரும்பி வந்த காலத்தில், சனசமூக நிலையத்துக்குப் பின்னால இருந்த வெறும் காணியில அதைச் செய்தது இந்த மூன்று பேரும்.

5/ முதலாவது, ரீச்சர். ஓய்வு பெற்றவா. பின்னேரம் வீடு வீடாகப் போய்த் தகப்பன்மாரோட கதைப்பா. "ஆறு மணிக்கு முதல் பிள்ளையை நானே கொண்டுவந்து விடுவன்" என்பா. சொன்னபடி கடைசிப் பிள்ளையையும் ரோச்லைற்றோட வீட்டு வாசல் மட்டும் கொண்டுபோய் விட்டிட்டுத்தான் தன்ர வீட்டுக்குப் போவா. கலியாணம் கட்டின பெட்டையளையும் விடமாட்டா. "பிள்ளையை என்னட்டத் தா, நீ போய் ஓடு."

6/ இரண்டாவது, கடை அம்மம்மா. பந்தைத் தொட்டதே இல்லை. ஆனால் வளையம் ஒட்டுவிக்கக் காசு குடுத்தது அவாதான். கொப்பியில கடனாக எழுதிவைச்சா, கேட்கவே இல்லை. ஆரும் விழுந்தால் கடைப் பெட்டியில இருந்து ஐஸைச் சீலையில சுற்றிக்கொண்டு முதல் ஓடிவாறதும் அவாதான். முழங்காலைத் தேய்க்க விடமாட்டா. முதலுதவி படிச்சவையே அந்த நேரம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்த காலம் அது.

7/ மூன்றாவது, தையல் அன்ரி. குட்டைப் பாவாடை என்று தாய்மார் பிள்ளையளை மறிச்சபோது, பாவாடைக்குக் கீழே முழங்கால் மட்டும் காற்சட்டை தைச்சுக் குடுத்தா. அதோட அந்தச் சண்டை முடிஞ்சுது. நெஞ்சில கட்டுற எழுத்துப் பட்டி ஏழும் அவா வெட்டுத்துணியில தைச்சது. நான் போட்டது 'டபிள்யூ.டி.' பச்சையும் மஞ்சளும்.

8/ ரீச்சர் பாரிசவாதத்தில போனா. அம்மம்மா நித்திரையில போனா, நல்ல வயசு. தையல் அன்ரியின் சாவுதான் எனக்கு இன்றும் ஆறாதது. நான் மருத்துவபீடத்தில படிச்சுக்கொண்டிருந்த காலம். மார்பில ஒரு கட்டி. மாதக்கணக்காக ஆருக்கும் சொல்லேல்லை. "நோகேல்லைப் பிள்ளை, அதால விட்டிட்டன். மாவட்டப் போட்டி முடியட்டும் எண்டு இருந்தன்." போட்டி முடிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வரேக்க அது எலும்புக்குப் போயிருந்தது.

9/ இனி மருத்துவம். "நோகேல்லை" என்பதை நான் கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மார்புப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது. கட்டி, தோல் குழிதல், முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்தல், அதிலிருந்து இரத்தம் கசிதல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கோ. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று வீட்டில் இருந்து சொல்ல ஏலாது.

10/ இலங்கையில் இருப்பவர்களுக்கு: உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும். இலவசம். 35 வயதானால் கட்டாயம் போங்கோ. மார்பு, பிரஷர், சீனி, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கே பார்ப்பார்கள். நாள் தெரியாவிட்டால் உங்கட குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கோ.

11/ எங்கட கழகத்தில இப்ப ஒரு வழக்கம். போட்டிக்காலம் தொடங்க முதல், 35 தாண்டின எல்லாரும், விளையாடுறவையும் கரையில நிண்டு பாக்கிற தாய்மாரும், ஒரே வானில ஏறிக் கிளினிக்குக்குப் போறது. போய்வந்தால்தான் பட்டி கையில தருவினம். கூட்டமாகப் போறதால வெக்கமும் இல்லை, பகிடிதான். போன வருசம் ஒருத்தருக்குச் சின்னக் கட்டி ஒன்று நேரத்தோட பிடிபட்டது. சிகிச்சை முடிஞ்சு இப்ப மத்தியஸ்தம் பார்க்கிறா.

12/ உங்கட ஊர்க் கழகத்திலும் இப்படி ஒரு ரீச்சர், ஒரு கடை அம்மம்மா, ஒரு தையல் அன்ரி இருப்பினம். எல்லாற்ற உடம்பையும் பார்க்கிறவை தங்கட உடம்பைக் கடைசியாத்தான் பார்ப்பினம். இண்டைக்கு அவையிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: "அன்ரி, கிளினிக்குக்கு எப்ப போனீங்கள்?" பதில் இழுபட்டால் கூட்டிக்கொண்டு போங்கோ.